உங்கூட்டுப் பக்கத்துல கட்டுவீங்களாங்க?

கேள்வி: குப்பை மேலாண்மையைக் கற்றுவருகிறோம் என்று நகராட்சி அதிகாரிகளும் கவுன்சிலர்களும் வெளிநாடு போகிறார்களே, அங்கே ஊர் சுற்றுவதைத் தவிர உண்மையில் என்ன செய்கிறார்கள்?

ஊரும் சுற்றுவோம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கொங்குப் பக்கம் ஒரு நகராட்சியில் சுகாதாரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த வாரமே விளக்கம் கேட்டு மெமோ வரும், விட்டுவிடுங்கள். 2023 நவம்பரில் ஒரு பயிற்சித் திட்டத்தின் பேரில் 11 பேர் 9 நாள் ஜப்பான் போய் வந்தோம். பொறியாளர்கள், சுகாதாரப் பிரிவு ஆட்கள், இரண்டு கவுன்சிலர்கள், இன்னும் 4 மாதத்தில் ஓய்வு பெற இருந்த ஓர் அதிகாரி. கடைசி ஆளை எதற்கு அனுப்பினார்கள் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர் நல்ல மனிதர், எல்லாரையும் அழகாகப் போட்டோ எடுத்தார்.

பயண நிரலில் அலுவலகச் சந்திப்புகள் 5. "உள்ளூர்ப் பண்பாட்டு அறிமுகம்" என்ற தலைப்பில் அதைவிட அதிகம். அசகுசா கோயில், ஷிபுயா சந்திப்பு, கோக்குரா கோட்டை, பஸ் பிடித்துப் போயும் மேகத்துக்குள் ஒளிந்துகொண்ட ஃபுஜி மலை. டைசோ என்ற மலிவு விலைக் கடை நிரலில் இல்லை, ஆனால் 11 பேரும் ஒருவர் விடாமல் போன ஒரே இடம் அதுதான்.

நான் போகும்போது மனசில் ஒரே ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு வார்டில் நுண் உரக்கூடம் கட்டப் போனோம். மக்கும் குப்பையை அங்கேயே உரமாக்கினால் கிடங்குக்குப் போகும் லோடு குறையும். பூமி பூஜைக்கு முந்தின நாள் ராத்திரியே கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, காலையில் சாலை மறியல். நாற்றம் வராது, இது கிடங்கு இல்லை, உரக்கூடம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செரிங்க சார், அவ்வளவு நல்லதுன்னா உங்கூட்டுப் பக்கத்துல கட்டுவீங்களாங்க?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த டெண்டர் அப்படியே நின்றது.

சரி, சந்திப்புகள் எப்படி இருக்கும்? எல்லாமே ஒரே அச்சு. 9 மணி என்றால் 8.55க்கு அவர்கள் வாசலில் நிற்பார்கள். இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டு நீட்டி வாங்க வேண்டும். நாங்கள் கொண்டுபோன பொன்னாடையைப் போர்த்துவோம். போர்த்திக்கொண்டவர் அதை எப்போது எடுக்கலாம் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் தோளிலேயே வைத்துக்கொண்டு ஸ்லைடு காட்டுவார். உலையின் வெப்பநிலை, புகை வடிகட்டி, மின் உற்பத்தி. மன்ற அரங்கைக் காட்டுவார்கள். எங்கள் கவுன்சிலர் ஒருவர் அங்கே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு குரூப் போட்டோ. இதில் கற்பது என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஸ்லைடை ஈமெயிலில் அனுப்பியிருக்கலாம்.

மூன்றாம் நாள் முசாஷினோ போனோம். டோக்கியோவின் மேற்கே இருக்கிற நகரம், கிச்சிஜோஜி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இதற்குள்தான் வருகிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் நகராட்சிக் கட்டடம், அதை ஒட்டி நூலகம் மாதிரி ஒன்று. செங்கல் நிறப் பட்டைகள், சுற்றிலும் மரம். அதுதான் குப்பை எரிக்கும் ஆலை. ஒரு நாளைக்கு 120 டன் எரிக்கக்கூடியது. அங்கே உண்டாகும் நீராவியும் மின்சாரமும் நகராட்சி அலுவலகத்துக்கும் விளையாட்டு அரங்குக்கும் போகிறது. யாரும் முன்பதிவு இல்லாமல் உள்ளே போய்க் கண்ணாடி வழியாகக் குப்பைக் குழியைப் பார்க்கலாம். அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே குடிப்பதற்கு அவ்வப்போது ஒரு நாள் பார் நடத்துவார்களாம். "இதை நம்ம ஊர்ல சொன்னா முதல்ல எனக்குத்தான் மனு வரும்" என்றார் எங்கள் கவுன்சிலர்.

ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த அம்மா ஞாபகம். இடையில் புகுந்து, "இங்கே இதைக் கட்டும்போது யாரும் எதிர்க்கவில்லையா?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் தயங்கினார், அப்படி நேராகக் கேட்பது அவர்கள் வழக்கம் இல்லை போல. கேள்வி போய்ச் சேர்ந்ததும் அந்த அதிகாரி சிரித்தார். லேப்டாப்பை மூடிவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. முன்பு முசாஷினோ குப்பை பக்கத்து மிட்டாகா நகரத்தோடு கூட்டாக நடத்திய ஓர் ஆலையில் எரிந்தது. அதன் அக்கம்பக்கத்தார் 1970களில் "உங்கள் குப்பையை ஏன் நாங்கள் முகர வேண்டும்" என்று எழுந்தார்கள். சொந்த ஆலை கட்டியே தீர வேண்டும் என்றானது. நகராட்சி தானாகவே ஓர் இடத்தை அறிவித்தது. அந்த இடத்தைச் சுற்றி இருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். (இந்த இடத்தில் எங்கள் 11 பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.) அறிவிப்பைக் கைவிட்டு, குடிமக்களையே உட்காரவைத்து ஒரு குழு போட்டார்கள். யோசனையில் இருந்த ஒவ்வொரு இடத்தின் அக்கம்பக்கத்தாரும் அதில் உண்டு. அவர்கள் இடங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சண்டை போட்டுக் கடைசியில் தேர்ந்தெடுத்தது நகராட்சி அலுவலகத்தை ஒட்டிய இடத்தை. 1984இல் ஆலை திறந்தது. பழசாகிப் புதிதாகக் கட்டும் நேரம் வந்தபோதும் அதே வளாகத்தில்தான் கட்டினார்கள், 2017இல் ஓடத் தொடங்கியது. ஆலை எப்படி ஓடுகிறது என்று கேள்வி கேட்கும் உரிமையோடு அக்கம்பக்கத்தார் குழு இன்றும் கூடுகிறது.

அந்த அம்மாவின் கேள்விக்கு ஒரு நகராட்சி "ஆமாம், எங்கள் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே" என்று பதில் சொல்லியிருக்கிறது. இது அவர்கள் ஸ்லைடு எதிலும் இல்லை. வெற்றியைத்தான் ஸ்லைடாகப் போடுவார்கள், சண்டையை யார் போடுவார்கள்?

இனி, நீங்கள் குறை சொல்லும் ஊர் சுற்றல். எனக்கு மிச்சம் புரிந்ததெல்லாம் அதில்தான்.

அசகுசாவில் வாழைப்பழம் வாங்கித் தின்றேன். சைவ ஆளுக்கு அங்கே பாடு கஷ்டம், தெளிந்த சூப் என்று கொடுப்பதிலும் மீன் இறங்கியிருக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலும் பழமும்தான் எனக்குக் கதி. தோலைப் போடத் தொட்டி தேடினால் எங்குமே இல்லை. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு வைத்தபிறகு பொது இடத் தொட்டிகள் பலவற்றை எடுத்துவிட்டார்கள். அவரவர் குப்பை அவரவர் பையில். நானும் தோலைப் பாலித்தீன் பையில் சுற்றி சாயங்காலம் வரை சுமந்து ஓட்டலுக்குக் கொண்டுவந்தேன். 20 வருஷமாக "இங்கே இன்னொரு தொட்டி வையுங்கள்" என்ற மனுக்களுக்குப் பதில் எழுதிய ஆள் நான்.

காலை 6 மணிக்கு நடக்கப் போனால் வேறொரு பாடம். தெருமுனையில் காக்கை கொத்தாமல் வலை போர்த்திய குப்பைப் பைகள். ஒரு பையில் மட்டும் ஏதோ ஸ்டிக்கர். தப்பாகப் பிரித்திருக்கிறார்கள், எடுக்க மாட்டோம் என்ற அறிவிப்பு அது என்று மொழிபெயர்ப்பாளர் பிறகு சொன்னார். அபராதம் எல்லாம் வேண்டாம். தெருவே பார்க்கும்படி அந்தப் பை அங்கே கிடக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பெரியவர் அந்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். துப்புரவுப் பணியாளர் என்று நினைத்தேன். இல்லை, அந்த வாரம் அவர் வீட்டு முறை.

ஒரு மாலை ஓய்வு நேரத்தில் மூன்று பேர் மட்டும் யுமேனோஷிமா போனோம். பெயருக்கு "கனவுத் தீவு" என்று பொருள். 1957 முதல் 1967 வரை டோக்கியோவின் குப்பையைக் கொட்டி நிரப்பிய இடம். 1965இல் அங்கிருந்து ஈ படையெடுத்து கோட்டோ வார்டையே நாசம் செய்தது. டோக்கியோவின் 23 சிறப்பு வார்டுகளுக்கும் தனித்தனி மேயரும் மன்றமும் உண்டு என்பதால் வார்டுக்கு வார்டு சண்டை வரும். 1971இல் ஆளுநர் மினோபே "குப்பைப் போர்" என்றே அறிவித்தார். தன் எல்லைக்குள் எரிஉலை வரவிடாமல் தடுத்த சுகினாமி வார்டின் குப்பை லாரிகளை 1973இல் கோட்டோக்காரர்கள் நடுரோட்டில் மறித்தார்கள். மக்கள் மட்டுமல்ல, மன்ற உறுப்பினர்களும் நின்றார்கள். சாலை மறியல் எங்கள் ஊர்க் கலாசாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அந்தக் குப்பை மேட்டின் மேல் பூங்கா, வெப்பமண்டலச் செடிகளுக்கு ஒரு கண்ணாடிக் கூடம், அதற்கு வெப்பம் பக்கத்து எரிஉலையிலிருந்து. 1954இல் பிகினித் தீவு அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் விழுந்த மீன்பிடிப் படகு ஒன்றும் இங்கே கூரைக்குள் நிற்கிறது. அதுவும் குப்பையாக இங்கே விடப்பட்டு, மக்கள் குரல் கொடுத்துக் காப்பாற்றியது. சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளைப் பார்த்த கண்ணோடு அங்கே நின்றால் உடனே கிளம்ப மனம் வராது.

அடுத்து கித்தாக்யூஷு, ஜப்பானின் தென்மேற்கே இருக்கிற தொழில் நகரம். புல்லட் ரயிலில் கிட்டத்தட்ட 5 மணி நேரம். போகும் வழியில் வலப்பக்க ஜன்னலில் ஃபுஜி மலை தெளிவாக வந்து நின்றது, பாதிப் பேர் தூக்கம். அங்கே 1901இல் தொடங்கிய எஃகு ஆலை, அதனால் செத்த தோக்காய் விரிகுடா, கறுத்த வானம் எல்லாம் பழைய கதை. எனக்குப் பிடித்தது தொபாத்தா பகுதிப் பெண்கள் சங்கம். வீட்டுக்காரர்களுக்கு அந்த ஆலைகளிலேயே வேலை. இருந்தும் துணியைக் காயப்போட்டு அதில் எவ்வளவு கரி படிகிறது என்று பார்த்து, கணக்கோடு போய்க் கேட்டார்கள். மனு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வேலை அது.

அந்த ஊரில்தான் டகாகுரா முறை உரம் கற்றேன். அந்த ஊர் நிபுணர் ஒருவர் இந்தோனேசியாவின் சுரபயா நகரத்துக்காக உருவாக்கியது. புளித்த பொருள்களில் இருக்கும் நுண்ணுயிரை வளர்த்து, உமியிலும் தவிட்டிலும் கலந்து, அந்தக் கலவையை ஒரு கூடையில் நிரப்பி அதில் காய்கறிக் கழிவைப் போடுவது. அந்தந்த ஊரில் எது புளிக்கிறதோ அது போதும். தயிரும் இட்லி மாவும் வைத்திருக்கிற நமக்கு இது புதுசே இல்லை. எரிஉலை நமக்குச் சரிவராது, நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம், எரிக்கவே எரிபொருள் ஊற்ற வேண்டியிருக்கும். ஆக, 9 நாளில் பார்த்த விலையுயர்ந்த இயந்திரங்கள் எதுவும் வேலைக்கு ஆகவில்லை. ஒரு கூடைதான் ஆனது.

கடைசி நாள் அதே நகரத்தின் மோஜி பகுதியிலிருந்து கடலுக்கு அடியில் 780 மீட்டர் நடந்து மறுகரை ஷிமொனொசெக்கி போனோம். நடுவில் இரண்டு மாகாணங்களின் எல்லைக் கோடு தரையில் போட்டிருக்கிறது. இதிலிருந்து நிர்வாகப் பாடம் எதுவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து வார்டு கூட்டம் போட்டோம். இந்த முறை "சம்மதமா" என்று கேட்கவில்லை. "எங்கே கட்டலாம், நீங்களே எழுதுங்கள்" என்று சார்ட் பேப்பரை ஒட்டினோம். மூன்று இடம் எழுதினார்கள். நான்காவதாக யாரோ குறும்பாக "நகராட்சி ஆபீஸ்" என்று எழுதினார்கள். முதல் மூன்றுக்கும் ஏதாவது ஒரு தெரு எதிர்த்தது. நான்காவதை எதிர்த்தவர்கள் எங்கள் ஆபீஸ்காரர்கள் மட்டும். ஆணையர் இரண்டு வாரம் யோசித்தார், மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். பழைய லாரி ஷெட்டில், நாளைக்கு 2 டன் கொள்ளும்படி கட்டினோம்.

முதல் மாதம் நாறியது. பொய் சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்து வாழை இலையும் சாம்பாரும் சேர்ந்து வந்து தொட்டியில் தண்ணீர் கட்டிவிட்டது. உமி கூட்டிப் போட்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை புரட்டிய பிறகு அடங்கியது. எங்கள் செக்ஷன் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும், அதனால்தான் அத்தனை சீக்கிரம் சரிசெய்தோம் என்று நினைக்கிறேன். அந்த அம்மா ஒரு நாள் வரி கட்ட வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பச் செரிங்க" என்று சொல்லிப் போனார். அவர் வார்டில் இன்னும் உரக்கூடம் இல்லை.

எல்லாப் பயணமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த அறிக்கை 42 பக்கம், அதில் 19 பக்கம் போட்டோ. மேலே யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. உங்கள் ஊரிலிருந்து யாராவது போய் வந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேளுங்கள்: பயண நிரல், சமர்ப்பித்த அறிக்கை, போய் வந்தவர் இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறார். மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், எங்கள் குழுவில் இருவரை வந்த ஆறு மாதத்துக்குள் வருவாய்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.