கொழுப்புக் கட்டியை கிளினிக்கிலேயே அகற்றலாமா?

குடியாத்தத்தில் ஒரு கிளினிக்கிலேயே முதுகுக் கட்டியை எடுப்பது பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறியதாக, தோலுக்கடியில் நகரும் கட்டியென்றால் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுக்கலாம். மயக்கம் கொடுத்துச் செய்வதாகச் சொன்னால் அங்கே வேண்டாம். மயக்கவியல் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சான்றிதழ் மட்டும் உயிரைக் காக்காது. கவனம் வேண்டியது மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெய்ன் அளவில். ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலக்காததென்றால் கிலோவுக்கு 4.5 மி.கி. உச்சம். 50 கிலோ எடையுள்ளவருக்கு 225 மி.கி.; 2% மருந்தில் சுமார் 11 மி.லி. மட்டுமே. ஊசி ரத்தக்குழாயில் இறங்கினால் குறைந்த அளவு மருந்துகூட ஆபத்து. உதடு மரத்து, காது இரைந்து, பிறகு வலிப்பு வரலாம். ஆகவே ஆக்சிஜன், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, அட்ரினலின், இந்த மருந்தின் நஞ்சைத் தணிக்க நரம்பில் ஏற்றும் 20% கொழுப்புக் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கருவிகளைக் கொதிநீரில் போட்டால் போதாது, சில கிருமி வித்துகள் சாகாது. அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில், பொதிந்த கருவிகளுக்கு 30 நிமிடம் தேவை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எடுத்த கட்டியைக் குப்பையில் போடாமல் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது ஆனால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு எப்படி அனுப்புவார்கள் என்பதையும் முன்பே கேளுங்கள்.