375 குதிரையும் 181 குதிரையும்

வணக்கம் அண்ணா,

நான் சார்லட்டில் இருக்கிறேன். ஆறு வருடமாக என்னிடம் 2016 டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி இருக்கிறது, மேனுவல் கியர். அமெரிக்கா வந்த புதிதில் ஒரு பார்க்கிங்கில் பார்த்து ஆசைப்பட்டு, காசு சேர்ந்ததும் வாங்கியது. இப்போது அதைக் கொடுத்துவிட்டுப் புது மாஸ்டா மியாட்டா, டாப்பை (மேல்கூரையை) இறக்கி ஓட்டும் அந்தக் குட்டி வண்டி, வாங்கலாமா என்று ஒரு யோசனை. வாட்ஸப் குழுவில் சொன்னேன், இரண்டு நாள் சிரித்தார்கள். "375 குதிரையை வித்துட்டு கழுதை வாங்கப் போறியா" என்று ஒருவன், "அது பொண்ணுங்க வண்டிடா" என்று இன்னொருவன். மனைவி சிரிக்கவில்லை. "ரெண்டு சீட்டுதானே, பாப்பா எங்க உக்காருவா?" என்று மட்டும் கேட்டாள். மகளுக்கு ஏழு வயது. வீட்டில் ஒரு டொயோட்டா சியன்னா வேனும் இருக்கிறது. டீலர் சேலஞ்சருக்கு 17,000 டாலர் தருவதாகச் சொல்கிறார், லோன் 6,000 பாக்கி. நீங்கள் ஃபோர்டு மஸ்டாங்கைக் கொடுத்து மியாட்டா வாங்கியதாக முன்பு ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். வருத்தப்பட்டீர்களா?

ஆர்., சார்லட்

அன்புள்ள ஆர்.,

வருத்தப்பட்டேன், முதல் மூன்று வாரம். காலையில் கராஜில் சாவியைத் திருப்பினால் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் ஒரு செருமல் செருமி எழுந்திருக்குமே, அது இல்லாமல் தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் வந்ததும் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மியாட்டா வாங்கியவர்கள் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் போலப் பேசுவார்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் மியாட்டாதான் பதில் என்று ஒரு பழைய ஜோக்கே உண்டு அவர்களிடம். அந்தச் சத்தத்துக்கு ஈடு கிடையாது. தேடாதீர்கள்.

இப்போது உங்கள் நண்பரின் குதிரைக் கணக்கு, அதாவது எஞ்சினின் குதிரைத்திறன். உங்கள் சேலஞ்சரில் 375 குதிரை, சரி. அவை இழுக்க வேண்டிய எடை சுமார் 4,100 பவுண்டு. 2019க்குப் பிறகு வந்த மியாட்டாவில் 181 குதிரை, எடை சுமார் 2,340 பவுண்டு. வகுத்துப் பாருங்கள்: உங்கள் குதிரை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 11 பவுண்டு இழுக்கிறது, மியாட்டாவின் குதிரை 13 பவுண்டு இழுக்கிறது. அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகம் தொட இரண்டுக்கும் ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசம்தான். கழுதை என்றவரிடம் இதைச் சொல்லுங்கள், நம்ப மாட்டார்.

ஆனால் அவர் வேறொன்று சொல்லியிருக்கலாம், அதில் அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கும். டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை. உங்களிடம் 410 பவுண்டு-அடி, மியாட்டாவில் 151. ஐ-40 நெடுஞ்சாலையில் மலை ஏறும்போது ஆறாவது கியரிலேயே வைத்துக்கொண்டு பாதத்தை லேசாக அழுத்தினால் சேலஞ்சர் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறதே, அது மியாட்டாவில் நடக்காது. நாலாவதுக்கு இறங்க வேண்டும், சில சமயம் மூன்றாவதுக்கு. அந்த இறங்குவது உங்களுக்கு வேலையாகத் தெரிந்தால் இந்த வண்டி வேண்டாம், விளையாட்டாகத் தெரிந்தால் வாங்குங்கள். என்னைக் கேட்டால் கேள்வியே இவ்வளவுதான்.

இரண்டு வண்டிகளும் பிறந்த விதத்திலேயே இது இருக்கிறது. 1964இல் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவிலிருந்து ஜிடிஓ என்ற வண்டி வந்தபோது அந்தக் கம்பெனியில் நடுத்தர அளவு கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று உள்விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவரது ஆட்களும் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாகக் காட்டாமல், விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் சாமான் என்று பட்டியலில் போட்டு விதியைத் தாண்டினார்கள். சாதாரண வண்டி, அதற்குள் பெரிய எஞ்சின், நேரான சாலை. உங்கள் சேலஞ்சர் வரைக்கும் அந்த வம்சம்தான். 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் அதுவும் நின்றுபோனது.

மியாட்டாவின் கதை நேர் எதிர்த் திசையில் போகிறது. பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர் 1970களின் கடைசியில் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களை, அதாவது டாப் திறக்கும் இரண்டு சீட்டு வண்டிகளைப் போல ஒரு மலிவான சின்ன வண்டியை யாராவது செய்ய வேண்டும் என்று சொன்னார். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரி சிகாகோ கண்காட்சியில் அது வந்து நின்றது: 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரை. தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய். சவாரிக்காரனும் குதிரையும் ஒரே உடம்பாக இருப்பது என்று அர்த்தம் வரும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லைத்தான் அவர்கள் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். விளம்பரத்துக்கு எழுதின மாதிரி இருக்கிறது, எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. அப்புறம் வண்டிக்கு அடியில் பார்த்தால் கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் கட்டிப் பிடித்திருக்கிறது, அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் நடுவில் எந்தத் தொய்வும் இல்லாமல் பின்சக்கரம் கேட்கிறது. தொடர்ந்து வந்த மாடல்களிலும் கிராம் கிராமாக எடையை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது.

எனவே நீங்கள் மாற்றப்போவது சக்தியை என்று நினைக்காதீர்கள். எடையை மாற்றுகிறீர்கள், சுமார் 1,760 பவுண்டு. அது தெரியும் இடம் வளைவு. சார்லட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் புளூ ரிட்ஜ் பார்க்வே இருக்கிறது, மொத்தம் 469 மைல், பெரும்பாலும் 45 மைல்தான் வேக வரம்பு. அதில் மஸ்டாங்கில் போனபோது எனக்கு எப்போதும் கட்டிப்போட்ட யானையோடு நடப்பது போல இருந்தது, வளைவுக்கு முன் பிரேக் அடித்தால் மூக்கு தாழும், எடை முழுக்க முன்னால் வந்து குவியும், அது அடங்கும் வரை காத்திருந்துதான் திருப்ப வேண்டும், திருப்பி முடித்து ஆசையாக மிதிக்கலாம் என்றால் அதற்குள் வரம்பைத் தாண்டிவிடும். அதே சாலையில் அதே 45இல் மியாட்டாவில் போனால் காலும் கையும் ஓயாது. வண்டி நன்றாகவே சாயும், சிலர் அதைக் குறை என்பார்கள், எனக்கு அந்தச் சாய்வுதான் டயரில் இன்னும் எவ்வளவு பிடி மிச்சம் இருக்கிறது என்று சொல்கிறது. நவம்பரில் டாப்பை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுக்கத் திறந்துவைத்துப் போங்கள். கால் சுடும், காது குளிரும்.

பொண்ணுங்க வண்டி என்பதற்குப் பதில் எழுதத் தோன்றவில்லை. பெண்கள் ஓட்டுகிறார்கள், நன்றாகவே ஓட்டுகிறார்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பிக்கப்காரர்கள் இனி உங்களைப் பார்த்துத் தலையாட்ட மாட்டார்கள் என்பதைத்தான் உங்கள் நண்பர் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அது உண்மை. எதிரே வரும் மியாட்டாக்காரர்கள் கையாட்டுவார்கள், வேண்டுமானால் அதை வரவு வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மனைவியின் கேள்விதான் இந்தக் கடிதத்திலேயே சரியான கேள்வி. 12 வயது முடியும் வரை குழந்தைகள் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது இங்குள்ள பரிந்துரை, மியாட்டாவில் பின்சீட்டே கிடையாது. இன்னும் ஆறு வருடம் மகளுக்கு இது அப்பாவின் வண்டி மட்டும்தான் என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். சியன்னா இல்லாமல் இது ஒன்றே வண்டி என்றிருந்தால் வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். டிக்கி 130 லிட்டர், இருபது பவுண்டு அரிசி மூட்டை இரண்டும் கொஞ்சம் காய்கறியும் போகும். ஸ்டெப்னி இல்லை, பஞ்சர் ஒட்டும் கிட்தான். டேஷ்போர்டில் பெட்டி இல்லை. நெடுஞ்சாலையில் 70இல் டாப்பை மூடியிருந்தாலும் போனில் பேச முடியாது, பெரிய லாரி பக்கத்தில் வந்தால் உங்கள் கண் அதன் சக்கர நட்டுக்கு நேராக இருக்கும். என் அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தபோது ஒருமுறை ஏறினார், "கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்குடா" என்றார், வெளியே வர என் இரண்டு கையும் தேவைப்பட்டது. மறுபடி கேட்கவே இல்லை.

பணம். வட கரோலினாவில் வண்டி வரி 3%, பழைய வண்டியை டீலரிடம் கொடுத்தால் மீதித் தொகைக்குத்தான் வரி. 17,000க்கு உங்களுக்கு மிச்சமாகும் வரி 510 டாலர். ஆக, வெளியே யாராவது 17,510க்கு மேல் தருவார் என்றால் வெளியே விற்பதுதான் லாபம், கூட ஒரு வாரம் அலைச்சல், அதுவும் லோன் பாக்கி இருப்பதால் டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) வாங்கக் காத்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டு டீலரிடமே கொடுத்தேன், பத்து நாளில் அதே மஸ்டாங் அதே இடத்தில் நாலாயிரம் டாலர் கூடுதலாக விலைச்சீட்டு ஒட்டி நின்றதைப் பார்த்தேன். இனிமேல் தயாரிப்பில்லை, சேலஞ்சர் விலை ஏறும் என்று யாராவது சொன்னால், ஆர்/டி நிறையவே விற்ற வண்டி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், உங்கள் உயரம் எழுதவில்லை. ஆறடிக்கு மேல் என்றால் வேறு எதுவும் யோசிக்கும் முன் டாப்பை மூடி, முழங்காலை ஸ்டீயரிங்குக்கு அடியில் விட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டார்ட் கூடப் பண்ண வேண்டாம்.