பாக்கின் வளைகோடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாற்பது வயதுக்கு மேல் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) கற்றுக்கொள்கிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் முதல் செல்லோ சூட்டுக்கு (நடன இசைத் தொகுப்பு) வந்துவிட்டேன். இணையத்தில் இலவசமாக இறக்கிய பழைய பதிப்பில் ஸ்லர், அதாவது சுரங்களை ஒரே வில்லிழுப்பில் சேர்க்கும் வளைகோடு, ஒரு மாதிரி இருக்கிறது, ஆசிரியர் வைத்திருக்கும் பதிப்பில் வேறு மாதிரி. மூலத்தை அப்படியே தருவதாகச் சொல்லும் ‘உர்டெக்ஸ்ட்’ பதிப்பு வாங்கினால் பாக் எழுதியது அப்படியே கிடைக்குமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கிடைக்காது. ஆறு செல்லோ சூட்டுகளுக்கும் பாக் கைப்பட எழுதிய பிரதி இன்று இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிறர் எடுத்த நான்கு பிரதிகள்தான் இருக்கின்றன. ஒன்று அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்தது, ஒன்று கெல்னர் என்ற இசைக்கலைஞர் எடுத்தது. மற்ற இரண்டும் வேறு கைகளில் எழுதப்பட்டவை.

பாடபேதம் சுரங்களிலும் உண்டு. ஆனால் பெரிய குழப்பம் ஸ்லரில்தான். அன்னா மக்தலேனா பிரதியின் முதல் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வளைகோடு சுரங்களுக்கு மேலே சற்றுத் தள்ளி மிதக்கும். எந்தச் சுரத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரே வில்லிழுப்பில் எத்தனை சுரம் என்பதே அதில்தானே இருக்கிறது!

சரி, அன்னா மக்தலேனாவை எவ்வளவு நம்பலாம்? அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பாக்கின் தனி வயலின் படைப்புகளையும் அவர் பிரதி எடுத்திருக்கிறார். அவற்றுக்கு பாக்கே 1720 என்று ஆண்டிட்டு எழுதிய கைப்பிரதி கிடைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வளைகோடுகள் அவர் கையில் எப்படியெல்லாம் நழுவுகின்றன என்று தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத ஒப்பீடு இது.

ஆகவே அட்டையை நம்பி வாங்காதீர்கள். முன்னுரையையும் பதிப்புக் குறிப்புகளையும் புரட்டுங்கள். எந்தப் பிரதியைப் பின்பற்றினார்கள், எங்கே விலகினார்கள் என்று இடம் சுட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேண்டாம். என் தேர்வு பேரன்ரைட்டர் பதிப்பகம் 2000இல் வெளியிட்ட பதிப்பு. நான்கு பிரதிகளின் நகல்களும் முதல் அச்சுப் பதிப்பின் நகலும் கூடவே வரும். வாசிக்கும் தாளில் ஸ்லரே இருக்காது. ஆசிரியரோடு உட்கார்ந்து நகல்களைப் பார்த்து, பென்சிலால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்குங்கள்.

அப்புறம், ஐந்தாவது சூட்டுக்கு வரும்போது ஒன்று காத்திருக்கிறது. அதை லூட் என்ற நரம்பு வாத்தியத்துக்கு மாற்றி எழுதிய வடிவம் மட்டும் பாக்கின் கையெழுத்திலேயே பிழைத்திருக்கிறது. அதையும் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.