லா பால்மா தீவின் வெட்டுக்கிளியைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். வெட்டுக்கிளி ஒழிந்தால் விவசாயிக்கு நல்லதுதானே?

விவசாயிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அது பயிரைத் தேடி வருகிற பூச்சியே கிடையாது.

கடலூர் கேப்பர் மலையில் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரி உண்டு. 2020-ல் பாலைவன வெட்டுக்கிளிகள் வட மாநிலங்களில் பயிரை மேய்ந்தபோது இங்கேயும் பயம் தொற்றிக்கொண்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் வண்ண வெட்டுக்கிளிகள் மொய்த்ததும், படையே வந்துவிட்டதாகப் பேச்சு. அதிகாரிகள் போய்ப் பார்த்துவிட்டு, இது உள்ளூர் வெட்டுக்கிளி, எருக்கைத் தின்பது என்றார்கள். எருக்கம்பாலின் விஷத்தையே உடம்பில் சேர்த்துவைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிற பூச்சி அது. எல்லா வெட்டுக்கிளியையும் ஒரே கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

லா பால்மா வெட்டுக்கிளியும் பால் வடியும் செடியோடு வாழ்வதுதான். ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஒன்று லா பால்மா. பரப்பு சுமார் 708 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். அங்கே வறண்ட சரிவுகளில் வளரும் ஒரு கள்ளிதான் இந்த வெட்டுக்கிளிக்கு வீடு, சாப்பாடு எல்லாம். நம் ஊரில் கள்ளிப்பால் என்றாலே எல்லோரும் பதறுவோம். இதற்கு அதுதான் உணவு. 1992-ல்தான் தனி இனமாக விவரித்தார்கள், பெயர் அக்ரோஸ்டிரா யுஃபோர்பியே. உலகில் வேறு எங்கும் கிடையாது. சர்வதேச சிவப்புப் பட்டியலில் மிக மோசமான ஆபத்தில் இருக்கும் இனங்களோடு சேர்த்திருக்கிறார்கள்.

முக்கியமான விஷயம், அதற்குப் பறக்க முடியாது. சிறகு பெயருக்குத்தான் இருக்கிறது. பாலைவன வெட்டுக்கிளி காற்றோடு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் தாண்டிவிடும். இது புதருக்குப் புதர் மெல்ல ஊர்ந்து போகும். அதனால் சரிவின் குறுக்கே ஒரு சாலை போட்டாலே போதும், இந்தப் பக்கக் கூட்டமும் அந்தப் பக்கக் கூட்டமும் பிரிந்துவிடும். சின்னக் கூட்டமாகப் பிரிந்தபின் ஒரு பக்கம் தீப்பிடித்துக்கொண்டால், அங்கே மறுபடி குடியேற வெளியிலிருந்து ஒன்றுகூட வராது. லா பால்மா வாழைக்குப் பேர்போன தீவு. தாழ்வான சரிவுகளை வாழைத்தோட்டமும் வீடுகளும் நிறையவே எடுத்துக்கொண்டன. மிச்சம் இருப்பதில் ஆடுகள் மேய்ந்து புதரைக் குலைக்கின்றன. காட்டுத்தீயும் அந்தத் தீவுக்குப் புதிதில்லை: 2009, 2016, 2023 என்று வந்துகொண்டே இருக்கிறது. 2021 செப்டம்பரில் வெடித்த எரிமலை 85 நாள் கக்கி, 1,200 ஹெக்டேருக்கு மேல் நிலத்தை மூடியது. எரிமலையோடு அந்தத் தீவின் உயிர்கள் ஆதிகாலம் முதல் வாழ்ந்துதான் வந்திருக்கின்றன. அப்போது சரிவு முழுக்கக் கள்ளி இருந்தது, ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் மிஞ்சியது. இன்று அப்படி மிஞ்ச மறுபக்கம் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, இதைக் காப்பாற்ற ஆகும் செலவு? கூண்டில் வளர்ப்பதைவிட முதலில் செய்ய வேண்டியது, மிஞ்சியிருக்கும் கள்ளிச் சரிவுகளில் மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவதும், புதிதாகச் சாலையும் கட்டடமும் வராமல் பார்ப்பதும்தான் என்பேன். இடத்தை விட்டுவைத்தால் போதும், தன் பிழைப்பை அது பார்த்துக்கொள்ளும். அதை வீண்செலவு என்று என்னால் சொல்ல முடியாது.