டேங்க் நசுங்கிய புல்லட்: இன்ஷூரன்ஸில் கேட்பதா, கைக்காசைப் போடுவதா?

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மாதம் 26,000 ரூபாய் கைக்கு வருகிறது. நாலரை வருடத்துக்கு முன் புல்லட் 350 புதிதாக வாங்கினேன். வண்டிக் கடன் கட்டி முடித்தாகிவிட்டது. போன வாரம் கல்யாண மண்டப வாசலில் நிறுத்தியிருந்த வண்டியை யாரோ தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். ஹேண்டில் திரும்பி டேங்கில் இடித்ததில் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்திருக்கிறது. ஷோரூமில் புது டேங்க் 11,500, கூலி 800 என்றார்கள். "இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாம் சார், உங்களுக்குப் பெரிதாகச் செலவு இல்லை" என்கிறார்கள். தெரிந்த டிங்கர் ஒருவர் தட்டி, பட்டி வைத்து, முழு டேங்குக்கும் பெயின்ட் அடித்துத் தர 3,500 கேட்கிறார். பெயின்ட் அடிக்காமல் பசை வைத்து இழுத்தே ஒடுக்கெடுக்கும் ஒருவர் 1,200 சொல்கிறார். இதுவரை ஒரு க்ளெய்மும் போட்டதில்லை. இந்த வருடம் பாலிசியில் 45 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் கிடைத்தது. தேய்மானம் கழிக்காமல் க்ளெய்ம் தரும் பம்பர் டூ பம்பர் எடுக்கவில்லை. போனஸ் கழிப்பதற்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் 1,800 ரூபாய். குழந்தை பிறந்திருப்பதால் அடுத்த வருடம் வண்டியை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. அவசரத்துக்கென்று ஆர்டியில் 18,000 சேர்த்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முடிவு எடுக்கும்வரை வண்டியில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடாதீர்கள். க்ளெய்ம் போடுவதாக இருந்தால் கம்பெனிக்கு உடனே தெரிவித்து, சேதத்தை அவர்கள் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். டிங்கரிடம் தட்டக் கொடுத்துவிட்டு, வேலை பிடிக்கவில்லை என்று அப்புறம் இன்ஷூரன்ஸைத் தேடிப் போனால் கதவு சாத்தியிருக்கும். அதனால் கணக்கை இன்றைக்கே போட்டுவிடலாம்.

ஷோரூம்காரர் சொன்னதில் பாதி சரி. பில் 12,300. கம்பெனி இதில் எவ்வளவு தரும்? பம்பர் டூ பம்பர் இல்லாத பாலிசியில் உதிரிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து அது ஏறிக்கொண்டே போகும். நான்கு வருடம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்கு 35 சதவீதம். 11,500-இல் 35 சதவீதம் என்றால் 4,025 ரூபாய் உங்கள் தலையில். கூலியில் தேய்மானம் கிடையாது. கட்டாயக் கழிவு 100 ரூபாய் சேர்த்தால், க்ளெய்ம் பாஸ் ஆன பிறகும் நீங்கள் கட்ட வேண்டியது 4,125. அதுவும் டேங்கையே மாற்றக் கம்பெனி சம்மதித்தால்தான். தட்டிச் சரிசெய்யக்கூடிய ஒடுக்குதான் என்று பார்க்க வருபவர் எழுதிவிட்டால், ரிப்பேர் செலவை மட்டுமே ஒத்துக்கொள்வார்கள்.

மீதிப் பாதியை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். அது உங்கள் நோ க்ளெய்ம் போனஸ். சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50 என்று படிப்படியாக ஏறுவது அது. அடுத்த புதுப்பிப்பில் நீங்கள் 50-ஐத் தொட வேண்டியவர். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டாலும் நேராகப் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

உங்கள் 1,800 ரூபாய் பிரீமியத்தை வைத்தே பார்ப்போம். க்ளெய்ம் போடாவிட்டால் இனி வருடா வருடம் 900 கட்டினால் போதும். போட்டால் அடுத்த வருடம் 1,800, அதற்கடுத்து 1,440, 1,350, 1,170, 990. ஆறாவது வருடம்தான் திரும்ப 900-க்கு வருவீர்கள். ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 2,250. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 2,655. வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் கொஞ்சம் இறங்கும் என்பதால் இது சற்றுக் குறையலாம். பெரிய வித்தியாசம் வராது.

ஆக, "செலவு இல்லை" என்று சொன்ன புது டேங்குக்கு நீங்கள் தரும் விலை 4,125-உம் 2,655-உம் சேர்த்து 6,780 ரூபாய். டிங்கரின் 3,500-ஐ விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் நிலைமையில் க்ளெய்ம் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். பல வருடங்களுக்கு முன் என் ஸ்கூட்டரின் முன் மட்கார்டு உடைந்தபோது யோசிக்காமல் க்ளெய்ம் போட்டேன். பிளாஸ்டிக் பாகம் என்பதால் பாதி தேய்மானம் கழித்து, கைக்கு வந்தது சில நூறு ரூபாய். ஐந்து வருடம் சேர்த்த போனஸ் அதோடு போயிற்று. அடுத்த வருடப் புதுப்பிப்பு நோட்டீஸைப் பார்த்தபோதுதான் எதைக் கொடுத்து எதை வாங்கினேன் என்று புரிந்தது. அதற்குப் பிறகு என்னிடம் யார் வண்டி க்ளெய்ம் பற்றிக் கேட்டாலும், முதலில் பாலிசியைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

அடுத்த புதுப்பிப்பில் உங்களுக்கு இன்னொரு செலவும் காத்திருக்கிறது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வண்டிகளுக்கெல்லாம் மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியாக வேண்டும். நீங்களும் வண்டி எடுக்கும்போதே கட்டியிருப்பீர்கள். அது இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 150 சிசிக்கு மேல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு வருடத்துக்கு 1,366 ரூபாய். இதில் போனஸ் தள்ளுபடி கிடையாது. போனஸ் காப்பாற்றப்பட்டால் வரிசேர்த்து அடுத்த பில் சுமார் 2,674. க்ளெய்ம் போட்டிருந்தால் 3,736. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்த ஆயிரம் ரூபாய்க்கு எத்தனையோ வேலை இருக்கிறது.

என் பதில் மாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஹேண்டில் இடித்து டேங்கில் ஒடுக்கு விழுந்திருக்கிறது என்றால் ஹேண்டிலுக்கும் போர்க்குக்கும் என்ன ஆனது? ஆளில்லாத சமதளச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஹேண்டில் கோணலாக நின்றாலோ, ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். போர்க், ஹேண்டில், ஹெட்லைட் என்று பில் 25,000, 30,000-க்குப் போனால் தாராளமாக க்ளெய்ம் போடுங்கள். ஒரே விபத்தின் சேதம் எல்லாம் ஒரே க்ளெய்மில் அடங்கும். இன்ஷூரன்ஸ் அந்த மாதிரி அடிக்காகத்தான். ஆனால் போன வருடத்துக் கீறலையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பொய்க் கணக்கு.

உங்களைப் போன்ற நிலையில் பம்பர் டூ பம்பர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு விடை வேறு. தேய்மானம் கழிக்க மாட்டார்கள் என்பதால் அவர்களுக்குச் செலவு கழிவு 100-உம் போனஸ் இழப்பு 2,655-உம் மட்டும்தான். அந்தப் பணத்துக்குப் புது டேங்க் கிடைக்கிறது என்றால், 3,500 கொடுத்துப் பட்டி வைப்பதைவிட க்ளெய்ம் மேல்.

சரி, கைக்காசு என்று முடிவானால் 3,500-ஆ 1,200-ஆ? இதற்குப் பதில் உங்கள் டேங்கில்தான் இருக்கிறது. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தி, டேங்கின் மேல் அந்த விளக்கின் பிம்பம் நீளமாக விழும்படி பாருங்கள். பிம்பம் ஒடுக்கின் மேல் வளைந்து வழுவழுவென்று போனால் அது மெல்லிய பள்ளம். பசை வைத்து இழுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். பிம்பம் ஓரிடத்தில் சட்டென்று உடைந்தால் தகடு மடிந்திருக்கிறது. விரல் நுனியை மெதுவாக ஓட்டினால் அந்த மடிப்பு தட்டுப்படும். மடிப்பு விழுந்த இடமும் பெயின்ட் வெடித்த இடமும் இழுத்தால் முழுதாகச் சரியாகாது. வெடித்த பெயின்ட் பசையோடு பெயர்ந்தும் வரலாம்.

பெயின்ட் வெடிக்கவில்லை என்றால் நான் 1,200-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். விற்கப்போகிறீர்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம். உங்கள் புல்லட் டேங்கின் ஓரத்தில் தங்கக் கோடு ஓடினால், அது தொழிற்சாலையில் ஆள் கையால் தூரிகை பிடித்து இழுத்தது. முழு டேங்குக்கும் பெயின்ட் அடித்தால் அது மறைந்துபோகும். டிங்கர் அதற்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டுவார். புல்லட் வாங்க வருகிறவர் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பார். ஸ்டிக்கரைக் கண்டால் "வண்டி எங்கே அடிபட்டது?" என்று ஆரம்பிப்பார். சின்ன ஒடுக்கின் சுவடு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கம்பெனி பெயின்ட் அப்படியே இருப்பது பேரத்தில் உங்களுக்கு நல்லது. விவரம் தெரிந்தவர்கள் சின்னக் காந்தத்தை டேங்கில் வைத்துப் பார்ப்பார்கள். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் அது சரியாகப் பிடிக்காது.

பெயின்ட் வெடித்திருந்தால் டிங்கர்தான். அப்படியே விட்டால் அந்த இடம் துருப்பிடிக்கும். 3,500-ஐக் கொடுப்பதற்கு முன் அவரிடம் என்சி பெயின்டா, பியு பெயின்டா என்று கேளுங்கள். என்சி மலிவு; ஆனால் பெட்ரோல் சொட்டினால் கரைந்து கறை விழும். டேங்குக்கு ஹார்டனர் கலந்து அடிக்கும் பியுதான் வேண்டும். விலை அதற்குத்தானா என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் இன்னொரு 3,500.

உங்கள் வண்டி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டி. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. தட்டுவதற்கு முன் அதைக் கழற்றி எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது கேஸ்கட் சரியாக உட்கார வேண்டும். பட்டியைத் தேய்க்கும் தூள் உள்ளே விழாமல் டேங்கின் வாயை அடைக்கச் சொல்லுங்கள். உள்ளே போன தூள் பம்பைக் கெடுத்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று. டேங்கில் வெல்டிங் வைத்து இழுக்கிறேன் என்று யாராவது சொன்னால், கழுவி, தண்ணீர் நிரப்பித்தான் செய்வாரா என்று கேளுங்கள். தடுமாறினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. வடித்த பிறகும் உள்ளே ஆவி நிற்கும், காற்றில் அது ஒன்றரை சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். கைக்குழந்தைக்காரர் நீங்கள். வீட்டு வாசலில் வைத்து நீங்களே சூடு காட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் வேலை முடிந்ததும் டேங்கின் அடியில், இரண்டு தகடுகள் சேரும் விளிம்பை விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். ஒரு ராத்திரி வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் தாளில் ஈரமோ கறையோ, பக்கத்தில் பெட்ரோல் வாடையோ இருந்தால் ஓட்டாதீர்கள். டேங்க் கசிந்தால் மேலே போட்ட கணக்கு செல்லாது. அப்போது புது டேங்க்தான்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய டேங்க் கிடைக்கும் என்றும் யாராவது சொல்வார்கள். மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு பார்க்காமல் வாங்க வேண்டாம். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; ஏற்கெனவே துரு பிடித்த டேங்கில் அது இன்னும் மோசமாகும். நிறமும் வேறாக இருந்தால் ஆர்சியில் உள்ள நிறத்தோடு ஒத்துப்போகாது. அதை ஆர்டிஓவில் பதிய அலைய வேண்டும்.

பணத்தை ஆர்டியிலிருந்து எடுக்காதீர்கள். 1,200 என்றால் இந்த மாதச் சம்பளத்திலேயே முடியும். 3,500 என்றால் இரண்டு மாதம் ஒதுக்கிச் செய்யலாம். அதுவரை வெடித்த இடத்தில் ஈரம் படாமல் டேப் ஒட்டி வையுங்கள். ஷோரூமில் கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை என்று நீட்டினால் வேண்டாம். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது, அது பெரும்பாலும் பிராசசிங் கட்டணத்தில் ஒளிந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் சொல்லியிருக்கிறது.

கடைசியாக அந்த ஸ்கூட்டர். நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். புல்லட்டை விற்றுப் பெயர் மாற்றியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் போனஸ் சான்றுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அது மூன்று வருடம் செல்லும். புது ஸ்கூட்டரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதல் நாளிலிருந்தே அந்தத் தள்ளுபடி கிடைக்கும். அடுத்த புதுப்பிப்புத் தேதியைத் தாண்டி விற்றால் 50 சதவீதமாக எடுத்துப் போகலாம். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காமல் விட்டால் போனஸ் மொத்தமும் போய்விடும். எப்படியும் விற்கப்போகிறோமே என்று பலர் கோட்டை விடுவது அங்கேதான். பாலிசி முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் ஸ்கூட்டருக்கு விலை பேசும்போது, அவர்கள் இன்ஷூரன்ஸ் தொகையைச் சொல்வதற்கு முன்பே அந்தக் கடிதத்தை மேசையில் எடுத்து வையுங்கள்.