தட்டிப் பார்க்கிறவர்

அன்புள்ள அம்மா,

வணக்கம். நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். வந்த புதிதில் சீஸ் என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டவன், இப்போது சம்பளத்தில் ஒரு பங்கை அதில்தான் கரைக்கிறேன். சென்ற மாதம் இத்தாலியில் பார்மா பக்கம் போய், பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற சீஸைச் செய்யும் கூடம் ஒன்றைப் பார்த்துவந்தேன். இரண்டு ஆண்டுகளாகப் பலகையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சீஸ் சக்கரங்கள்! எங்கள் அலுவலகத்திலோ இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ், அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பு. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியது அன்றிரவே படுத்துவிட்டது. திங்கட்கிழமை மேலாளர் வெள்ளைப் பலகையில் ஓட்டை விழுந்த சீஸ் துண்டுகளை வரைந்து, “எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிட்டன” என்றார். பொறுமையை இழந்ததுதான் எங்கள் துறையின் நோய் என்று தோன்றுகிறது. நீங்களும் இந்தத் துறையில் இருந்தவர், என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. நான் சைவம். அந்தச் சீஸில் கன்றின் இரைப்பைச் சாறு சேர்கிறது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. என் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

நீங்கள் பார்த்தது கூடத்தின் பின்கட்டு. அதனால்தான் பொறுமை கண்ணில் பட்டிருக்கிறது. அதிகாலையில் முன்கட்டுக்குப் போயிருக்க வேண்டும். கறந்த பால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பது அங்கே விதி. முந்தின நாள் மாலைப் பாலை இரவு முழுக்க ஆறவிட்டு, ஆடையை எடுத்துவிட்டு, காலைப் பாலோடு செம்புக் கொப்பரையில் கலக்கிறார்கள். நேற்றுப் பால் திரிந்தபோது பிரிந்த நீர்தான் இன்றைக்குப் பிரை. நம் வீட்டு உறைமோர் போலத்தான். (பாலாடைக்கட்டி என்று நாம் பெயர் வைத்தது பெரிய அநியாயம். ஆடையை எடுத்துவிட்டல்லவா செய்கிறார்கள்!) ரென்னட் (நீங்கள் சொன்ன கன்றின் இரைப்பைச் சாறு) சேர்த்த சில நிமிடங்களில் பால் உறைந்துவிடும். உடனே பெரிய கம்பி மத்தால் அதை மணி மணியாக உடைத்து, 55 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அன்றைய பால் வீண். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால். எடை 40 கிலோ. ஞாயிறு, பண்டிகை என்று பசுவின் மடி விடுப்பு எடுப்பதில்லை. உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு, அவர்களுக்குத் தினமும் ஒன்று.

பின்கட்டில் நடக்கும் காத்திருப்பும் ஞானிகளின் காத்திருப்பு அல்ல. 12 மாதம் முதிராமல் அந்தப் பெயரில் விற்க முடியாது. அதுவரை பணம் முடங்கிக் கிடக்கிறது. ஆகவே சக்கரத்தை அடகு வைக்கிறார்கள். கிரெடிட்டோ எமிலியானோ என்ற வங்கி, நம் ஊரில் நகைக்குக் கொடுப்பதுபோல, சீஸை வாங்கிக் கிடங்கில் வைத்துக்கொண்டு கடன் கொடுக்கிறது. பொறுமைக்கு வட்டி உண்டு, கா.

எனக்கு அங்கே பெரிதாகப் படுவது வேறு ஒன்று. 12 மாதம் முடிந்ததும் ஓர் ஆய்வாளர் கையில் சின்னச் சுத்தியலோடு வருகிறார். ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். மண்பானை வாங்கும்போது பாட்டி விரலால் சுண்டிப் பார்ப்பாளே, அதே வித்தை. ஒலி மாறினால் உள்ளே விரிசலோ காற்றுப் பொந்தோ இருக்கிறது என்று பொருள். தேறியதற்குச் சூட்டு முத்திரை. சுமாரானதன் மேல்தோலில் இணைகோடுகளைக் கீறிவிடுவார்கள். பார்த்ததுமே வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். தேறாததன் தோலில் இருக்கும் பெயரையே சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஓராண்டுப் பால், கூலி, வட்டி எல்லாம் போட்ட பிறகு! தட்டுகிறவர் அந்தக் கூடத்து முதலாளியிடம் சம்பளம் வாங்குபவரும் அல்லர்.

நான் பதினோரு ஆண்டுகள் மென்பொருள் சோதனையாளராக இருந்தேன். ஒரு சம்பளக் கணக்கு மென்பொருளில், மாதக் கடைசி நாள் விடுப்பு எடுத்தவர்களுக்குச் சம்பளம் இரண்டு முறை கணக்காவதைக் கண்டுபிடித்து, முதல் நிலைப் பிழை என்று பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் அது மூன்றாம் நிலையாகியிருந்தது. ‘அடுத்த ரிலீஸில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு குறிப்பு. அடுத்த ரிலீஸுக்கு முன்னால் மாதக் கடைசி வந்துவிட்டது. இரட்டைச் சம்பளம் வாங்கியவர்களிடம் அதைத் திரும்பக் கேட்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பிழையை இன்னும் இரண்டு வாரம் ஊறப்போட்டிருந்தாலும் அது பிழையாகத்தான் இருந்திருக்கும். எங்களிடம் இல்லாதது பொறுமையா என்ன?

உங்கள் மேலாளர் வரைந்தது ஜேம்ஸ் ரீசன் என்ற ஆங்கிலேய உளவியலாளரின் கருத்து. விபத்துகளை ஆராய்ந்தவர். ஒவ்வொரு தடுப்பும் ஓட்டையுள்ள ஒரு சீஸ் துண்டு, எல்லா ஓட்டைகளும் நேராக அமைந்துவிட்டால் விபத்து என்பது அவர் கணக்கு. நல்ல கருத்துதான், ஆனால் அலுவலகங்களில் அதைக் கிரகச் சேர்க்கை பலன்போலச் சொல்கிறார்கள்: ஓட்டைகள் தாமாக வந்து வரிசையில் நின்றுகொண்டன, யார் என்ன செய்ய முடியும்! எமென்டால் சீஸில்கூட ஓட்டை சும்மா விழுவதில்லை. நுண்ணுயிர் விடும் வாயு பாலில் கலந்த உலர்புல் துகளைச் சுற்றிச் சேர்ந்து விழுகிறது என்று 2015இல் சுவிஸ் ஆய்வு நிலையத்தார் கண்டார்கள். கறவை சுத்தமாக ஆக, ஓட்டைகள் குறைந்துவிட்டனவாம். அடுத்த கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த ஓட்டையை முன்பே யாராவது சொன்னார்களா, அவருக்கு என்ன பதில் கிடைத்தது?

இனி உங்கள் சைவம். பார்மிஜானோவில் கன்றின் ரென்னட் கட்டாயம். அந்தப் பெயரில் சைவச் சீஸ் கிடையாது. உங்கள் ஊர்க் கௌடா சீஸில் நுண்ணுயிர் ரென்னட் சேர்த்தவை நிறைய உண்டு. உறையில் ரென்னட்டைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெம்செல்’ என்ற டச்சுச் சொல்லைத் தேடி, அதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் போர்ச்சுகலின் செர்ரா ட எஷ்ட்ரெலா சீஸ் வாங்குங்கள். செம்மறியாட்டுப் பாலை ஒருவகை முட்செடியின் பூவால் உறையவைப்பது. இளசாக இருக்கும்போது உள்ளே குழம்புபோல இருக்கும். மேல்தோலை மூடிபோல வெட்டியெடுத்துக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும். அம்மாவிடம் சொல்வதாக இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு பார்மாவுக்கு வரலாம்.