இயற்பியல் வகுப்பறை: கேள்வி–பதில்

மாணவர்களே பேசி விவாதித்துக் கற்கும் முறையைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். என் பிளஸ் ஒன் வகுப்பில் 42 பேர், புரொஜெக்டர் கிடையாது. முயன்று பார்த்தேன், சத்தம்தான் மிச்சம். எங்கே தவறு?
– ஆசிரியை, பாலக்கோடு

புரொஜெக்டரை மறந்துவிடுங்கள், கரும்பலகை போதும். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-ல் தொடங்கிய இந்த முறையில், பேச்சுக்கு முன்னால் ஒரு மௌனம் உண்டு. பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சாலையிலேயே ஒரு கேள்வி: தொப்பூர் கணவாயில் நேரான ஓர் இறக்கத்தில், சரக்கு லாரி மாறாமல் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்குகிறது. அதன் மேல் நிகர விசை எப்படி? அ) சரிவின் வழியே கீழ்நோக்கி, ஆ) சரிவின் வழியே மேல்நோக்கி, இ) சுழி, ஈ) செங்குத்தாகக் கீழே.

எழுதிப் போட்டுவிட்டு ஒன்றரை நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. விடையை நோட்டில் எழுதட்டும். பிறகு நீங்கள் மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைக் காட்ட வேண்டும். ஏ4 தாளின் நான்கு கால் பகுதிகளிலும் நான்கு எழுத்து, நான்கு நிறம். வேண்டியது முன்னால் தெரியும்படி மடித்து நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் அட்டை தயார். தலைக்கு மேல் தூக்கினால் முதல் மதிப்பெண்காரன் காட்டும் நிறத்தைப் பார்த்து வரிசையே மாறிவிடும்.

சரியான விடை 30 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் மட்டும் பேச விடுங்கள். அதற்குக் கீழே என்றால் பேசுவதற்கே சரக்கில்லை. பாடத்தை வேறு வழியில் திரும்ப நடத்துங்கள். மேலே என்றால் ஒரு வரி விளக்கத்தோடு நகருங்கள். பேச்சு இரண்டு, மூன்று நிமிடம். "வேறு விடை சொன்னவரைத் தேடி மாற்றிக் காட்டு" என்பதுதான் கட்டளை. பிறகு மறுவாக்கு. முதல் வாக்கின் முடிவை முன்கூட்டிச் சொன்னால் பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சரியான விடைக்கு உங்கள் முகம் மலர்ந்தாலும் அதே கதைதான்!

இங்கே பலர் 'அ' காட்டுவார்கள். இறங்குகிறதென்றால் இறக்கும் விசை மிஞ்சி நிற்க வேண்டும் என்ற எண்ணம். வேகமும் திசையும் மாறவில்லை, ஆகவே முடுக்கம் சுழி, நிகர விசையும் சுழி. அடுத்த கேள்வியையும் கையில் வைத்திருங்கள்: டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் எந்த விசை காணாமல் போகிறது? (இன்ஜின் கொடுத்துவந்த தடை.)

வரையறை கேட்கும் கேள்விகளுக்கு இந்த முறை வீண். தெரிந்தவன் சொல்வான், மற்றவன் எழுதிக்கொள்வான். விவாதிக்க ஒன்றும் இராது.

செய்முறை காட்டினால் கைதட்டுகிறார்கள். மறுவாரம் கேட்டால் பழைய தவறான விடையே வருகிறதே?
– ஆசிரியர், ஊத்தங்கரை

2004-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று இதையே சொன்னது: வெறுமனே பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள் தெளிவாக மேலே நின்றார்கள். ஆகவே சுவிட்சைப் போடுமுன் கணிப்பை எழுதச் சொல்லுங்கள்.

தொடர் இணைப்பு நல்ல தொடக்கம். 1.5 வோல்ட் செல் மூன்று, 2.5 வோல்ட் டார்ச் பல்பு இரண்டு, தாங்கிகள், ஒரு சுவிட்ச். "முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், இரண்டாவது மங்கும்" என்று பலர் எழுதுவார்கள். இங்கேதான் ஆபத்து: இரண்டு பல்பும் ஒரே ரகமாக இல்லாவிட்டால் ஒன்று நிஜமாகவே மங்கும், தவறான எண்ணம் சிமென்ட் போட்டு உறுதியாகிவிடும். எனவே வகுப்புக்கு முன்பே ஜோடி பார்த்து எடுங்கள். அப்படியும் மங்கினால் இடம் மாற்றிப் போட்டுக் காட்டுங்கள்; மங்கல் பல்போடு போனால் குற்றவாளி பல்புதான். ஒற்றைப் பல்பை மூன்று செல்லில் நேரடியாக இணைக்காதீர்கள், 4.5 வோல்ட்டில் இழை போய்விடும். வெள்ளை எல்.இ.டி.யும் வேண்டாம்: ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், தொடரில் இரண்டும் எரியாது.

"சார் பாடமே நடத்துவதில்லை" என்று பெற்றோர் புகார்...
– ஆசிரியர், பென்னாகரம்

எதிர்பார்த்ததுதான். 2019-ல் வெளியான இன்னொரு ஹார்வர்டு ஆய்வில், தாங்களே முயன்று கற்ற இயற்பியல் மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை புரிந்ததுபோல் ஒரு மயக்கம் தரும். இதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள், பெற்றோர் கூட்டத்தில் எண்ணோடு போய் நில்லுங்கள்.

எண்ணுக்கு வழி: அலகு தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் கருத்து புரிந்ததா என்று சோதிக்கும் ஒரே தேர்வு. சராசரி 30 சதவீதத்திலிருந்து 65 ஆனால், கிடைத்தது 35, கிடைத்திருக்கக்கூடியது 70, வகுத்தால் முன்னேற்றம் 0.5. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹேக் 6,542 மாணவர்களை இப்படி அளந்து 1998-ல் வெளியிட்டார்: வழக்கமான வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 0.48. இரண்டு தேர்வையும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். முதல் தேர்வின் வினாத்தாளைத் திரும்ப வாங்கிவிடுங்கள், விடையை விவாதிக்காதீர்கள், அக மதிப்பீட்டில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மனப்பாடம் நுழைந்துவிடும்.